உபரி

முதலில் இறந்தவர்களைத்தான் மாற்றினார்கள்.
அவர்களுக்குச் சாமான் குறைவு என்றார்
நிலக்கரி நிறுவனத்து ஹெர் ப்ரூக்னர்,
இதற்குச் சிரிக்கலாமா என்று
எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே.

என் பெயர் ஹான்ஜா. லவுசிட்ஸில்
இன்று பெரும்பள்ளமாகிவிட்ட ஓர் ஊரின் தபால்காரி.
நாற்பத்தோரு வாசல், ஒன்பது நாய்,
தேவாலயப் பதிவேட்டின்படி
இருநூற்றுப் பன்னிரண்டு கல்லறை.

பிப்ரவரியில் தோண்டினார்கள்.
மண் பீங்கான்போல் உடைந்தது.
எடுத்து, துடைத்து, பெட்டியிலிட்டு,
எண் ஒட்டி அடுக்கிப் பார்த்தால்
இருநூற்றுப் பதின்மூன்று.

விளக்கு கொண்டுவந்து எண்ணினார்கள்.
பாதிரியார் ஜெர்மனில் எண்ணினார்.
அதை நம்பாத பன்றிப்பண்ணை மெர்ச்சின்
எங்கள் சோர்பிய மொழியில் எண்ணினார்.
எந்த மொழியிலும் ஒருவன் மிச்சம்.

ஆள் குறைந்தால் நிரப்பப் படிவம் உண்டு.
கூடினால் இல்லை.

புதிய ஊர் பதினோரு கிலோமீட்டர் தள்ளி.
தெருக்களுக்குப் பழைய பெயர்கள்தான், முன்னால் ஒரு ‘புது’.
புதுக் குளத்தெருவில் குளம் இல்லை.
விளக்கு ஸ்விட்சுகள் எல்லா வீட்டிலும்
கை தேடாத பக்கத்தில்.
இறந்தவர்களுக்கு வரிசையாகக் குழி, வரிசையாகப் புல்.
213 மட்டும் தீயணைப்பு நிலையத்தில்,
ரப்பர் குழாய்களுக்குப் பின்னால்,
தற்காலிகமாக.

ஆனால் கணினிக்குத் தெரியுமா
யார் மூச்சு விடுகிறார், யார் விடவில்லை என்று?
எண் இருந்தால் ஆள்.
மார்ச்சில் முதல் கடிதம் வந்தது:
மதிப்பிற்குரிய 213,
உங்கள் சமையலறை ஓடு என்ன நிறத்தில் வேண்டும்?
பதினான்கு நாளில் பதில் வராவிட்டால் பழுப்பு.

ஏப்ரலில்:
நீங்கள் விட்டு வந்த பழமரங்கள் எத்தனை?

அதை நான் நிரப்பினேன்.
செர்ரி இரண்டு, பேரி ஒன்று என்று எழுதி
கொஞ்சம் யோசித்து
காய்க்காத பிளம் ஒன்றையும் சேர்த்தேன்,
உண்மைபோல் இருக்கட்டும் என்று.
பணம் வந்தது.

யார் இவன் என்பதற்கு ஆளுக்கொரு கதை.
நாற்பத்தைந்தில் வழி தவறிய சிப்பாய் என்றார்கள்.
மணியைத் திருடப் போய் மணிக்கடியில் செத்தவன் என்றார்கள்.
கடைவாய்ப் பல் அப்படியே என் புருஷனுடையது
என்று வோர்ஷா அழுதாள்.
புருஷன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.
மறுக்கவில்லை.

பிறகு எலும்போடு கிடந்த பித்தளைத் திசைகாட்டியைக் காட்டினார் ஹெர் ப்ரூக்னர்.
மேசை அடங்கிப்போனது.
ஐம்பத்திரண்டில் ஒரு சர்வேயர் வந்தாராம்,
உங்கள் காலுக்கடியில் நிலக்கரி இருக்கிறது
என்று சந்தோஷமாகச் சொன்னாராம்,
இரவு இங்கே சாப்பிட்டாராம்.
அதற்கு மேல் அவர் நோட்டில் எழுத்து இல்லை.

யாரும் நிமிரவில்லை.
முழுப் பூசணிக்காயை
சூப்பில் மறைத்த ஊர் எங்களுடையது.
மெர்ச்சின் மட்டும் மெதுவாகச் சொன்னார்:
‘பாவம், அவன் சொன்னது சரிதான்.’

என் கதைக்கு வருகிறேன்.
நான் தபால் நிலையத்து மாடியில் வாடகைக்கு இருந்தவள்.
வாடகைக்காரர் இடம்பெயர்வதில்லை,
வெறுமனே காலி செய்கிறார்.
சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, படித்துக் காட்டினார்கள்.
நாற்பத்தொரு வீட்டுக்கும்
சாவி வந்த உறையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
நாற்பத்திரண்டாவது உறைக்கு
கையெழுத்துப் போட ஆள் இல்லை.

போட்டேன்.

செத்தும் கொடுத்தான் என்று சும்மாவா சொல்கிறார்கள்?
இரண்டு அறை, கணப்பு, காய்க்காத பிளத்துக்கு ஈடாக
ஒரு கன்றும் நட்டுத் தந்தார்கள்.
இரவில் சுவரில் தவறான பக்கம் தடவுகிறேன்.
தூரத்தில் தோண்டும் இயந்திரத்தின் வெளிச்சம்
என் பழைய படுக்கை இருந்த உயரத்தில்
காற்றில் நகர்கிறது.

பாதிரியார் தெருவில் என்னைப் பார்த்தால்
213 சௌக்கியமா என்கிறார்.
நானும் சௌக்கியம் என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்துக்குப் போய்
அவருக்கு வந்த கடிதங்களைப் படித்துக் காட்டுவேன்.
குடிநீர்க் கட்டணம். குப்பை நாள் மாற்றம்.
சென்ற வாரம் தேர்தல் சீட்டு.
கேட்டுக்கொள்கிறார், குறை சொல்வதில்லை.
எனக்குத்தான் ஒரு குறை.

பழுப்பு, ஐயா.
அத்தனை ஓடும் பழுப்பு.
பதினான்கு நாள் கொடுத்தார்களே,
ஒரு வரி எழுதிப் போட்டிருக்கக் கூடாதா?